"கெதியா வெளிக்கிடு" என்று கத்தாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எப்படி

காலையில் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் எங்கள் ஒழுங்கையில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம்தான். "கெதியா வெளிக்கிடு, நேரம் போகுது." திருகோணமலையில் நாங்கள் இருக்கும் உப்புவெளியில் மட்டும் இல்லை, பாலையூற்றிலும் உவர்மலையிலும் இதேதான் என்று என் தங்கச்சியும் மாமியும் சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. மூத்தவள் இப்போது தரம் நான்கு, சின்னவன் தரம் ஒன்று. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும், நாங்கள் ஏழு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால்தான் பதற்றம் இல்லாமல் டவுனுக்குப் போய்ச் சேரலாம். அந்த ஏழு மணிக்குள் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு, நானும் தொண்டை கட்டாமல் வெளியே வருவதற்கு நாங்கள் செய்து பார்த்ததில் சரிவந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாள் காலையில் நீங்கள் பேசுவதை நீங்களே கவனித்துப் பாருங்கள். எழும்பு, பல்லைத் தீட்டு, குளி, சாப்பிடு, சப்பாத்தைப் போடு, பையை எடு. கண் திறந்ததிலிருந்து பிள்ளையின் காதில் விழுவதெல்லாம் கட்டளை. அந்த ஒரு மணித்தியாலத்தில் அது தானாக நினைத்துச் செய்த காரியம் ஒன்றாவது இருக்கிறதா? எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அதனால் நான் மாற்றியது இரண்டே விஷயம்: பிள்ளைக்குச் செய்வதற்கு ஏதாவது உண்மையான வேலை கொடுத்தேன், நேரம் சொல்லும் வேலையை என் வாயிலிருந்து எடுத்து வேறு பொருட்களிடம் கொடுத்தேன். கீழே சொல்லும் விளையாட்டுகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்தவைதான்.

காலை நன்றாக இருக்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவிலிருந்து தொடங்க வேண்டும், அதில் தூக்கம்தான் பெரிய பங்கு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது, மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணித்தியாலம். ஐந்து ஐம்பதுக்கு எழும்ப வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்குக் கண் மூடினால்தான் ஒன்பது மணித்தியாலத்தைத் தாண்டும். நம் ஊரில் ரியூஷன் முடிந்து, வீட்டுவேலை முடிந்து, பெரியவர்கள் பார்க்கும் நாடகத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிற பிள்ளைகள் எத்தனை! அந்தப் பிள்ளையைக் காலையில் எந்த விளையாட்டாலும் சிரிக்க வைக்க முடியாது, பாவம், அதற்கு நித்திரை போதவில்லை. நாங்கள் எட்டு மணிக்கே ஹோல் விளக்கை அணைத்துவிடுகிறோம், நாடகத்தை அப்பம்மா தன் அறையில் சத்தம் குறைத்துப் பார்ப்பார். இதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது, ஆனாலும் இப்போது அவரேதான் "பிள்ளையளுக்குப் படுக்கிற நேரம்" என்று முதலில் எழும்புகிறார்.

பை அடுக்குவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை விளையாட்டாக மாற்றினோம். சின்னவன் கடைக்காரன், புத்தகம் கொப்பி எல்லாம் அவன் முன்னால் பாயில். மூத்தவள் நேரசூசியைப் பார்த்துக்கொண்டு, "முதலாளி, கணிதக் கொப்பி ஒன்று தாங்கோ, சுற்றாடல் புத்தகம் இருக்கோ?" என்று வாங்குவாள், அவன் எடுத்துக் கொடுத்துப் "பத்து ரூபா" என்பான். பிறகு ஆள் மாறி அவனுடைய பை. எட்டு நிமிடத்தில் இரண்டு பையும் நிறைந்துவிடும், தேவையில்லாத புத்தகம் உள்ளே கிடந்து தோளை இழுப்பதும் குறைந்துவிட்டது. இதோடு ஒரு கேள்வியைப் பள்ளி விட்டு வந்ததும் கேட்டுவிடுங்கள்: "நாளைக்கு ரீச்சர் என்ன கொண்டுவரச் சொன்னவ?" மட்டை, கலர்ப் பேப்பர், சிரட்டை என்று காலை ஆறே முக்காலுக்குக் கேட்டால் எந்தக் கடை திறந்திருக்கும்? பின்னேரம் கேட்டால் சந்திக் கடைக்கு ஒரு நடை, அவ்வளவுதான்.

அப்புறம் எங்கள் வீட்டு "நாளையத் தம்பி". படுக்கப் போகுமுன் சின்னவன் ஒரு கதிரையில் தன் உடுப்பை ஆள் மாதிரி அடுக்கி வைப்பான். கதிரையின் முதுகில் வெள்ளைச் சட்டை, இருக்கையில் நீலக் காற்சட்டை, விளிம்பிலிருந்து இரண்டு மேசும் கால் மாதிரித் தொங்கும், அதற்குக் கீழே சப்பாத்து. சட்டைப் பையில் கைலேஞ்சியை மடித்து வைத்துவிட்டு "குட்நைட் நாளையத் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பான். காலையில் மேசு ஒன்று காணவில்லை என்று கட்டிலுக்கடியில் தேடுவது அன்றோடு நின்றது. ஏனென்றால் ஒரு கால் இல்லாத நாளையத் தம்பியை அவனால் தாங்க முடியாது, இரவே தேடிக் கொண்டுவந்து போடுகிறான்.

எழுப்புவது. லைட்டைப் பளிச்சென்று போட்டு, மின்விசிறியை நிற்பாட்டி, போர்வையை இழுப்பது எங்கள் தலைமுறைக்கு நடந்தது, அதை நாங்கள் பிள்ளைகளுக்குச் செய்யத் தேவையில்லை. யன்னலைத் திறவுங்கள். நாங்கள் இருப்பது கிழக்குக் கரை, ஆறு மணியை ஒட்டி வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து நேராக வீட்டுக்குள் வந்துவிடும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்தைத் தரும் மெலடோனின் குறைந்து, விடிந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரியும். பிறகு பக்கத்தில் இருந்து காலிலிருந்து தொடங்குவேன். "பெருவிரல் எழும்பிட்டுதோ? முழங்கால் இன்னும் நித்திரையோ?" முழங்கால் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிள்ளையை முதுகில் ஏற்றி உப்பு மூட்டை. "உப்பு வேணுமோ உப்பு, உப்புவெளி உப்பு" என்று கூவிக்கொண்டே கிணற்றடி வரை. அங்கே அப்பப்பா நின்று "உப்பு என்ன விலை?" என்பார், விலை பேசி முடிய அவன் கால் நிலத்தில் இருக்கும், பிரஷ் கையில் இருக்கும்.

மூத்தவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவளுக்கு எழும்பியதும் ஐந்து நிமிடம் ஒருவரும் பேசக் கூடாது, படியில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். அதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் சந்தோஷம் ஒவ்வொரு மாதிரி, அமைதியாக இருக்க விரும்பும் பிள்ளையிடம் விளையாட்டைத் திணித்தால் அதுவும் இன்னொரு கட்டளைதான். கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதி வீட்டில் வேறு மாதிரி: சுபஹ் தொழுகைக்கு எழும்பும் வாப்பாவோடு மகனும் எழும்பிவிடுகிறான். தொழுகை முடிந்து வாப்பாவும் மகனும் கோழிக்குத் தீன் போடுகிறார்கள், முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது மகனுடைய வேலை. அந்தப் பிள்ளையை இன்றுவரை ஒருவரும் எழுப்பியதில்லை என்கிறாள். முட்டை பார்க்கிற ஆவல் எழுப்பிவிடுகிறது.

பல் தீட்ட இரண்டு நிமிடம் வேண்டும், பிள்ளைகள் அரை நிமிடத்தில் துப்பிவிடுவார்கள். றேடியோவில் ஒரு பாட்டு போகட்டும், பல்லவியும் முதல் சரணமும் முடிய ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். சரணம் முடியுமுன் துப்பக் கூடாது, இவ்வளவுதான் சட்டம். குளிப்பதற்கு நாங்கள் வாளி எண்ணுகிறோம். திங்கள் தமிழில், செவ்வாய் ஆங்கிலத்தில், புதன் சிங்களத்தில். எக்க, தெக்க, துன, ஹதர என்று பத்து எண்ணினால் பத்து வாளி, குளியல் முடிந்தது. திருகோணமலையில் வளரும் பிள்ளைக்கு மூன்று மொழியும் நாக்கில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அது கிணற்றடியில் ஒரு செலவும் இல்லாமல் நடக்கிறது.

ஒரு முக்கியமான ஒழுங்கு: வெள்ளைச் சட்டை சாப்பாட்டுக்குப் பிறகுதான். முன்பு நான் உடுப்பைப் போட்டுவிட்டு மேசையில் இருத்துவேன், சம்பல் ஒரு துளி விழுந்தால் போதும், என் சத்தத்தில் வீடு அதிரும், பிள்ளை அழும், சட்டை மாற்ற இன்னும் பத்து நிமிடம். இப்போது பழைய பெனியனோடு சாப்பிடுகிறார்கள். விழுந்தால் விழட்டும்.

சாப்பாட்டு மேசையில் சண்டை குறைய இரண்டு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தக் கிழமைக்கான சாப்பாட்டை மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேப்பரில் எழுதி அலுமாரியில் ஒட்டிவிடுவோம். நான் இரண்டு சொல்வேன், அவர்கள் ஒன்றைத் தெரிவார்கள். இடியப்பமா பாணா? கடலையா ரொட்டியா? என்ன வேண்டும் என்று திறந்து கேட்டால் நூடில்ஸ் என்பதைத் தவிர வேறு பதில் வராது. இரண்டாவது, சமையலில் ஒரு சின்ன வேலை. பிட்டு அவிக்கும் நாளில் குழலிலிருந்து பிட்டைத் தள்ளுவது சின்னவனின் வேலை. நான் துணியைச் சுற்றிக் குழலைச் சரித்துப் பிடித்துக்கொள்வேன், அவன் இரண்டு கையாலும் கம்பைப் பின்னாலிருந்து மெல்ல அழுத்துவான். முதலில் அசையாது. பிறகு ஒரே தரமாக ஆவியோடு வெள்ளைத் துண்டு வழுக்கி வந்து தட்டில் விழும், தேங்காய்ப்பூ வைத்த இடத்தில் சரியாக உடைந்துவிடும். "இது அக்காவுக்கு, இது அப்பப்பாவுக்கு" என்று அவனே பங்கு வைப்பான். தான் தள்ளிய பிட்டை அவன் வேண்டாம் என்று சொன்னதே இல்லை, வாழைப்பழத்தை அதோடு சேர்த்துப் பிசைந்து முடித்துவிடுவான். ஆவி சுடும், ஆகவே குழலைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறரைக்குச் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பசி வராது. வற்புறுத்தினால் சத்தியெடுக்கும். ஒரு வாழைப்பழமும் ஒரு கப் பாலும் கொடுத்து, இடைவேளைச் சாப்பாட்டைக் கொஞ்சம் கனமாகக் கட்டிவிடுங்கள்.

இனி நேரம். எங்கள் ஒழுங்கைக்குப் பாண் ஓட்டோ ஆறரை மட்டில் வரும், இலங்கை முழுக்க எல்லாருக்கும் தெரிந்த அதே மெட்டை வாசித்துக்கொண்டு. அந்த மெட்டு கேட்டால் எல்லாரும் மேசைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம், பாண் வாங்குகிற நாளென்றாலும் இல்லையென்றாலும். கிணற்றடியிலிருந்து இரண்டு பேரும் துவாயோடு ஓடி வருவார்கள், என் வாயிலிருந்து ஒரு சொல் போகாது. பாண் ஓட்டோ வராத நாளும் உண்டு, அதற்குச் சுவர் மணிக்கூடு. கண்ணாடியின் மேல் ஆறிலிருந்து ஒன்பது வரை மஞ்சள் பேப்பர், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பச்சைப் பேப்பர், கண்ணாடித் தாள் போல மெல்லியதாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். பெரிய முள் மஞ்சளில் நிற்கும்வரை சாப்பாடு, பச்சைக்குள் போனால் உடுப்பு, பச்சை முடிந்தால் ஏழு மணி, வாசல். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் இது விளங்கும். "அம்மா, முள் பச்சைக்குப் போட்டுது!" என்று இப்போது அவன்தான் என்னைத் துரத்துகிறான்.

சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போடுவது சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளது. ஒரு மான் ஸ்டிக்கரை நடுவால் வெட்டி, தலைப் பாதியை ஒரு சப்பாத்தின் உள்ளேயும் வால் பாதியை மற்றதன் உள்ளேயும் குதிக்கால் பக்கமாக ஒட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மான் முழுதாக வர வேண்டும். ஒட்டுமுன் சரியான பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் வியர்வைக்கு உரியாது.

மான் ஏன் என்றால், வழியில் எங்கள் விளையாட்டே மான்தான். கோட்டைப் பக்கமும் டவுன் கடற்கரையிலும் சில நாள் பஸ் நிலையத்தை ஒட்டியும் புள்ளிமான்கள் திரிவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கொடை, வேறெந்த ஊர்ப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழியில் மான் எண்ணுகிறது? ரோட்டின் இடப்பக்கம் மூத்தவளுக்கு, வலப்பக்கம் சின்னவனுக்கு. கொம்புள்ளதற்கு இரண்டு புள்ளி, குட்டிக்கு மூன்று. ஸ்கூட்டியில் கை நீட்டக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும், ஹெல்மெட் எல்லாருக்கும் உண்டு. மான் இல்லாத வழியென்றால் சிவப்பு ஓட்டோ, மாடு, கோயில் கோபுரம், எதுவும் சரி. ஏழு மணிக்கு மேல் சுணங்கினால் வாகன நெரிசலில் மான் பார்க்க நேரம் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிக்கிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சாப்பாட்டு மிச்சத்தைப் பொலித்தீனோடு ரோட்டோரம் எறியாதீர்கள், அந்த மான்கள் அதைப் பையோடு தின்றுவிடுகின்றன.

வாசலில் அழும் பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தரம் ஒன்றுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு, பிரியும் நேரம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நீளக் கூடாது. முதல் மாதம் சின்னவன் என் சீலையைப் பிடித்தபடி நிற்பான், நானும் இன்னொரு முத்தம், இன்னொரு முத்தம் என்று நின்று அழுகையை நீட்டிவிட்டேன். பிறகு டச்பே கடற்கரையில் பொறுக்கிய ஒரே மாதிரி இரண்டு சோகி எடுத்தோம், ஒன்று அவன் காற்சட்டைப் பையில், மற்றது என் கைப்பையில். வாசலில் இரண்டையும் ஒருதரம் தட்டுவோம், "போயிட்டு வாறன்" என்பான், "போயிட்டு வாங்கோ" என்பேன், திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டியை எடுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் யாரும் "போறன்" என்று சொல்வதில்லை, வருவதையும் சேர்த்துச் சொல்லித்தான் படி இறங்குவோம். அழுகிற பிள்ளைக்கு அந்த "வாறன்" எவ்வளவு தெம்பு என்பதை வாசலில் நின்றுதான் நானும் தெரிந்துகொண்டேன்.

பரிசு கொடுப்பதா என்று பலர் கேட்கிறார்கள். சொக்லெட்டும் காசும் வேண்டாம், நாலு நாளில் விலை ஏறிவிடும். எங்கள் வீட்டில் ஒரு ஜாம் போத்தல். கத்தாமல் வெளிக்கிட்ட ஒவ்வொரு காலையும் ஒரு சிப்பி விழும், இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரே போத்தல், நான் கத்தினால் அன்றைக்குச் சிப்பி இல்லை. இருபது சிப்பி, அதாவது நாலு கிழமைப் பள்ளி நாட்கள் சேர்ந்தால், ஞாயிறு காலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவோம். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுக்கொன்று வேறு, எது அதிகச் சூடு என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டுவார்கள். போட்ட சிப்பியை எந்தக் கோபத்திலும் திரும்ப எடுக்காதீர்கள். சிப்பி பொறுக்குவது பக்கத்துக் கடற்கரையிலேயே போதும், புறாத் தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

காலையில் செய்யவே கூடாததும் உண்டு. வாய்ப்பாடு கேட்பது, நேற்றைய மாதிரி வினாத்தாளில் புள்ளி ஏன் குறைந்தது என்று தொடங்குவது, புலமைப்பரிசில் வருகுது என்று பயமுறுத்துவது. தரம் ஐந்துப் பரீட்சைக்குப் பிள்ளை படிக்கட்டும், ஆனால் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வழியில் போகும் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். போனும் வேண்டாம், கையில் எடுத்த போனை வாங்குவதற்குள் மணிக்கூட்டில் பச்சை முடிந்துவிடும்.

இதையெல்லாம் நாளைக்கே ஒன்றாகத் தொடங்காதீர்கள். கடை விளையாட்டோடு ஒரு கிழமை போகட்டும், பிறகு மணிக்கூடு, பிறகு மற்றது. காய்ச்சல், பவர்கட், நான் விழிக்கப் பிந்திய நாள் என்று குழம்பும் காலைகள் வரும். அன்றைக்கு விளையாட்டு எதுவும் வேண்டாம், பாணும் வாழைப்பழமும் கையில், கெதியாகப் போய்விட்டுப் பின்னேரம் சிரிக்கலாம்.

ஐப்பசி தொடங்கி மாரி மழை வந்துவிட்டால் ஒழுங்கு கொஞ்சம் மாறும். உடுப்புக் காயாது, ஆகவே பள்ளி விட்டு வந்ததும் தோய்த்து மின்விசிறிக்குக் கீழே போட வேண்டும். பையில் ஒரு சோடி காய்ந்த மேசு பொலித்தீனில் சுற்றி வையுங்கள், இருபது நிமிடம் முந்தி வெளிக்கிடுங்கள், மான்கள் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கி நிற்பதால் எண்ணிக்கை கூடும் என்று சொன்னால் அதற்கும் சம்மதிப்பார்கள். நனைந்த சப்பாத்தின் அடித்தாளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். அந்தத் திணிக்கிற வேலை சின்னவனுடையது, "சப்பாத்துக்குச் சாப்பாடு" என்பான். படுக்கப் போகுமுன் ஈரத் தாளை எடுத்துவிட்டு ஒருதரம் புதுத்தாள் வைத்தால் விடியப் போடக்கூடிய அளவுக்குக் காய்ந்திருக்கும்.